ஓதம் ஏறும்வரை

தூப்ளிக் குடாவின் ஓரத்தில்
டிப்பரின் பின்சக்கரம்
அச்சுவரை இறங்கிவிட்டது.
முதுகில் இருபது டன் மண்.
இரவு ஒன்று இருபது.
சித்ராவிலிருந்து மீட்பு வண்டி வர
மூன்று மணி நேரமாகும் என்றான் ஃபோர்மன்.
இன்ஜினை அணைத்தேன்.
ஏசி நின்றதும்
சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நாமக்கல்லில் நான் பார்த்த சேறு
மழை விட்ட மூன்றாம் நாள் காய்ந்துவிடும்.
இது காய்வதே இல்லை.
கூமுட்டை நாற்றம்.
அதில் நட்டுவைத்த பென்சில்களாய்
ஆயிரம், பதினாயிரம் குச்சிகள்,
கண்டல் மரங்களைச் சுற்றி.

பட்டுப்போன நாற்று என்றிருந்தேன்,
மார்ச்சில் ஒருநாள் மர்வா வண்டியை மறிக்கும்வரை.
நண்டு வளை எண்ண வருகிற பெண்.
முழங்கால்வரை பூட்ஸ், கையில் கயிற்றுச் சதுரம்.
பாதி அரபி, பாதி இந்தி:
"இதெல்லாம் வேர். சேற்றுக்குள் காற்றில்லை.
மேலே வந்து மூச்சு வாங்குகின்றன."
தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.
பிறகு என் டிப்பரைக் காட்டினாள்.
நான் ஹார்ன் அடித்தேன்.

இப்போது ஹார்ன் அடிக்க யாருமில்லை.
டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்தேன்.
பழுத்த இலை ஒன்று விழுந்தது.
விழுந்த சத்தம் அடங்குமுன்
நண்டு ஒன்று வந்து விளிம்பைக் கவ்வி,
கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் இழுப்பவன்போல்
பின்னால் நடந்தே இழுத்துப்போனது.
பாதி இலை வளைக்குள்.
மீதி வெளியே நின்று கொஞ்சம் ஆடியது,
பிறகு அதுவும் இல்லை.
அந்தப் பொந்து வழியாகத்தான்
சேற்றுக்குள் காற்று போகிறதாம்.
தின்றது போக மிச்சம் மக்கி
மறுபடி மரத்துக்கே சோறாகிறதாம்.
மர்வா சொன்னபோது
பாதிதான் காதில் விழுந்திருந்தது.

ஓதம் ஏறியது.
கடல் பக்கமே பார்த்திருந்தேன்;
காலடியில் வந்தது.
வளைக்கு வளை ஊற்றாய்ப் பொங்கி
வேர்க்குச்சிகளை நனைத்தது.
பின்னாலேயே விரல்நீளக் குஞ்சுமீன்கள்,
பெரிய வாய் எதுவும் நுழைய முடியாத சந்துகளில்.
கண்ணாடியாய் இறால் குஞ்சுகள்,
உடம்பே இல்லை, இரண்டு கண் மட்டும்.
வெள்ளிக்கிழமை நான் வாங்கும் கூறு
இங்கேதான் பள்ளிக்கூடம் போயிருக்கிறது.

ஓர் இலையைக் கிள்ளி நக்கினேன்.
உப்பு.
வேர் குடித்த கடலை
இலை வழியே வியர்த்துத் தள்ளுகிறது மரம்.
டார்ச்சைச் சட்டைமேல் திருப்பினேன்.
அக்குளில் அதே வெள்ளைக் கோடு.
இந்தச் சட்டையைக் கேம்பில் துவைக்கிற நீர்
குழாய் குழாயாகப் போய்
சுத்தம் பாதி, அழுக்கு பாதியாய்
இந்தக் குடாவில்தான் விழுகிறது.
பதினோரு வருடமாய் என் சோப்பைக் குடிக்கிறது.
முடிந்தவரை குடித்தது போலும்.
வடக்கு மூலையில் பாசி தடித்துக் கிடக்கிறது,
அங்கே குச்சிகள் கறுத்துவிட்டன.

நாலரைக்கு ஷேர் ஜமான் வந்தான், கொக்கியோடு.
சுற்றி வந்து பார்த்தான்.
"சுமையோடு இழுத்தால் அச்சு முறியும்.
இங்கேயே கொட்டு."
இங்கேயா?
"வேறெங்கே? கொட்டத்தானே கொண்டுவந்தாய்?"

லீவர் என் கையில்தான் இருந்தது.
அதைச் சொல்லாமல் விட முடியாது.
முதலில் சரசரவென்று,
பிறகு மொத்தமாக.
இலையை இழுத்துப்போன வளை எது என்று
நான் அடையாளம் வைத்திருக்கவில்லை.

குவியலின் ஓரத்தில் ஏழெட்டுக் குச்சிகள்
நுனி மட்டும் தெரிய நின்றன.
மண்வெட்டி எடுத்தேன்.
ஒரு முழம் அகலம் வழித்திருப்பேன்,
வழிக்க வழிக்கச் சரிந்தது.
ஷேர் ஜமான் ஹார்ன் அடித்தான்.

ட்ரிப் ஷீட்டில்
நாற்பத்தேழு என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
கொட்டிய இடம் என்ற கட்டத்தில்
அலுவலகமே அச்சடித்துத் தந்திருந்தது:
காலி நிலம்.